போர்க்காலத்தில் பாட்டு, சினிமா, சிரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரைப் பற்றியது. அரசாங்கங்கள் பொழுதுபோக்கை ஒரு தனி இலாகா போலவே எடுத்து நடத்தியது அந்தப் போரில்தான். முன்னும் பின்னும் நடந்த சில போர்களும் இடையிடையே வரும்.

போர் வந்துவிட்டால் கேளிக்கைகளை நிறுத்திவிடுவதுதானே முறை?

பிரிட்டன் அப்படித்தான் செய்து பார்த்தது. 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவித்த கையோடு சினிமா கொட்டகை, நாடக அரங்கு, விளையாட்டு மைதானம் எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். கூட்டத்தின் நடுவே ஒரு குண்டு விழுந்தால் நூற்றுக்கணக்கில் சாவு என்ற பயம். தொலைக்காட்சி ஒளிபரப்பை அதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தியாகிவிட்டது. அது திரும்ப வந்தது 1946 ஜூனில்தான். பிபிசி வானொலி தன் நிகழ்ச்சிகளை எல்லாம் ஒரே அலைவரிசைக்குள் சுருக்கிக்கொண்டது. செய்தி, அரசாங்க அறிவிப்பு, நடுவில் இசைத்தட்டு, மிச்ச நேரமெல்லாம் சாண்டி மக்ஃபர்சன் என்ற ஒரே மனிதர் வாசித்த ஆர்கன் வாத்தியம். மனிதர் சளைக்காமல் வாசித்தார். கேட்டவர்கள்தான் சளைத்துப்போய்ப் புகார் எழுத ஆரம்பித்தார்கள்.

எதிர்பார்த்த குண்டும் உடனே விழவில்லை. தெருவெல்லாம் இருட்டடிப்பு, போக இடமில்லை, வானொலியிலும் ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான கொட்டகைகளைத் திறந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் அந்தத் தடுமாற்றம் இல்லை. 1942 ஜனவரியில் பேஸ்பால் ஆட்டங்களை நடத்தலாமா என்று கேட்டபோது அதிபர் ரூஸ்வெல்ட் நடத்துங்கள் என்று கடிதம் எழுதினார். எல்லோரும் கூடுதல் நேரம் வேலை செய்யப்போகிறார்கள், அதனால் ஓய்வும் கூடுதலாக வேண்டும் என்பது அவர் வாதம். பகல் ஷிப்ட் ஆட்களும் வந்து பார்க்கும்படி இரவு ஆட்டங்களைக் கூட்டுங்கள் என்றும் சொன்னார். ஆனால் படையில் சேரும் வயதுள்ள ஆட்டக்காரர்களுக்கு விலக்குக் கிடையாது. அவர்கள் போனார்கள்; 1943-இல் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக்கே தொடங்கியது, போர் முடிந்த பிறகும் 1954 வரை ஓடியது.

அந்தப் பயம் வீண் பயமா?

இல்லை. 1941 மார்ச் 8 இரவு லண்டனில் கஃபே த பாரி என்ற நடன விடுதியில் குண்டு விழுந்து, மேடையில் இருந்த இசைக்குழுத் தலைவர் கென் ஜான்சன் உட்பட 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரைக்கு அடியில் இருப்பதால் பத்திரமான இடம் என்று பெயர் எடுத்திருந்த விடுதி அது. 1944 டிசம்பர் 16 அன்று பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ரெக்ஸ் சினிமா கொட்டகை மேல் ஜெர்மன் வி-2 ராக்கெட் விழுந்தது. படம் ஓடிக்கொண்டிருந்த நேரம். 567 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் படைவீரர்கள்.

இது தெரிந்தும் மக்கள் போனார்கள். லண்டன் கொட்டகைகளில் விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் திரையில் அறிவிப்புப் போடுவார்கள், அல்லது மேனேஜர் மேடைக்கு வந்து சொல்வார். போகிறவர்கள் போகலாம், படம் தொடரும். பெரும்பாலோர் எழுந்திருக்கமாட்டார்கள். தாக்குதல் நீண்டுபோய் யாரும் வெளியே போக முடியாத இரவுகளில் இன்னொரு படத்தை ஓட்டுவார்கள், அதுவும் முடிந்தால் ஆர்கனை வாசிக்கச் சொல்லிக் கூட்டமே சேர்ந்து பாடும்.

முன்னணியில் இருந்த சிப்பாய்கள் எந்த மாதிரி நிகழ்ச்சிகளைக் கேட்டார்கள்? வீரப் பாட்டுகளா?

அதிகாரிகள் அப்படித்தான் நினைத்தார்கள். சிப்பாய்கள் கேட்டது வேறு.

1942 மார்ச்சில் அமெரிக்கப் படைகளுக்கென்று ஒரு சிற்றலை நிகழ்ச்சி தொடங்கினார்கள். நீங்கள் என்ன கேட்க விரும்புகிறீர்களோ எழுதுங்கள், யாராக இருந்தாலும் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்பது ஏற்பாடு. ஹாலிவுட்டின் பெரிய தலைகள் எல்லாம் சம்பளம் வாங்காமல் வந்தார்கள். வந்த விருப்பங்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். நடிகை கரோல் லாண்டிஸ் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஒரு விருப்பம். லானா டர்னர் மைக்குக்கு முன்னால் நின்று இறைச்சித் துண்டை வாணலியில் போட்டுப் பொரிக்க வேண்டும், அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று இன்னொன்று. இரண்டையும் செய்தார்கள்.

பிரிட்டனில் பாடகி வேரா லின்னின் கதை இன்னும் சுவையானது. 1941 நவம்பரில் ஞாயிறு இரவுச் செய்திக்குப் பிறகு அவருடைய நிகழ்ச்சி ஆரம்பித்தது. பாடுவார், கடிதம் படிப்பார், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெற்ற பெண்களைப் பார்த்துவிட்டு வந்து, எங்கோ பாலைவனத்தில் இருக்கும் அப்பாவுக்கு உன் குழந்தை நலம் என்று வானொலியில் சொல்வார். கேட்ட சிப்பாய்களுக்கு உயிர் வந்தது. மேலிடத்துக்கோ எரிச்சல். இப்படி உருகி உருகிப் பாடினால் ஆண்பிள்ளைகள் வீட்டு நினைப்பில் தளர்ந்துவிடுவார்கள் என்று தளபதிகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் குறைபட்டார்கள். நிகழ்ச்சி வருந்தத்தக்கது, ஆனால் மக்களுக்குப் பிடித்திருப்பது தெரிகிறது என்று பிபிசி ஆட்சிக்குழுவே தன் குறிப்பில் எழுதி வைத்தது. 1942-இல் உருக்கமான பாட்டுகளைக் கட்டுப்படுத்த ஒரு கமிட்டியும் போட்டார்கள். வேரா லின் 1944-இல் பர்மா முன்னணிக்குப் போய், லாரியில் ஏற்றிச் சென்ற சின்னப் பியானோவோடு, வியர்வையும் கொசுவும் பொருட்படுத்தாமல் பாடினார். தளர்ந்துபோனதாக அங்கே யாரும் புகார் சொல்லவில்லை.

எதிர்ப் பக்கத்திலும் இதே கதைதான். ‘லிலி மார்லேன்’ என்ற ஜெர்மன் பாட்டு 1939-இல் இசைத்தட்டாக வந்து விலைபோகாமல் கிடந்தது. 1941-இல் ஜெர்மானியர் பெல்கிரேடைப் பிடித்து அங்கே வானொலி நடத்தியபோது கையில் இருந்த சொற்பத் தட்டுகளில் இதுவும் ஒன்று. போட்டார்கள், சிப்பாய்களுக்குப் பிடித்துப்போனது. நிறுத்தியதும் கடிதங்கள் குவிந்தன. அப்புறம் தினமும் இரவு 10 மணிக்குச் சற்று முன் அதைப் போடுவது வழக்கமாகிவிட்டது. விளக்குக் கம்பத்தடியில் காதலியைப் பிரிகிற சோகப் பாட்டு, வெற்றி முழக்கம் ஒரு வரி கிடையாது. பிரச்சார மந்திரி கோயபல்ஸுக்கு அது ஆகவே ஆகாது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எதிரே நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதே நேரத்துக்கு ரேடியோவைத் திருப்பினார்கள்.

அப்படியானால் அரசாங்கப் போஸ்டர்கள், முழக்கங்கள்?

இன்று கோப்பையிலும் சட்டையிலும் அச்சிட்டு விற்கும் ‘அமைதியாக இரு, வேலையைப் பார்’ போஸ்டர் பிரிட்டனைத் தாங்கிப்பிடித்தது என்று பலர் நம்புகிறார்கள். 1939-இல் சுமார் 24.5 லட்சம் பிரதிகள் அச்சடித்தது உண்மை. படையெடுப்பு நடந்தால் ஒட்டலாம் என்று கட்டி வைத்தார்கள், கிட்டத்தட்ட எதையும் ஒட்டவில்லை, பெரும்பகுதி கூழாக்கப்போய்விட்டது. 2000-ஆம் ஆண்டில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் பெட்டிக்குள் ஒன்றைக் கண்டெடுத்த பிறகு வந்ததுதான் இந்தப் புகழ்.

உண்மையில் ஒட்டிய போஸ்டர் வேறு. உங்கள் துணிவும் உங்கள் மலர்ச்சியும் உங்கள் உறுதியும் எங்களுக்கு வெற்றி தரும் என்று அதில் இருந்தது. கஷ்டம் உங்களுக்கு, வெற்றி எங்களுக்கா என்று ஜனங்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கலைஞர்களை முன்னணிக்கு அனுப்பியது யார்? தரம் எப்படி இருந்தது?

பிரிட்டனில் பேசில் டீன் என்ற நாடகத் தயாரிப்பாளர் 1939-இல் தொடங்கிய ‘என்சா’. அமெரிக்காவில் ஒய்எம்சிஏ, சால்வேஷன் ஆர்மி உட்பட ஆறு அமைப்புகள் சேர்ந்து 1941 பிப்ரவரியில் உருவாக்கிய ‘யுஎஸ்ஓ’. அதன் முகாம் நிகழ்ச்சிகள் மட்டும் 1947-க்குள் 4 லட்சத்தைத் தாண்டின.

தரமா? என்சாவின் முதலெழுத்துகளை வைத்து ‘ராத்திரிக்கு ராத்திரி ஏதாவது ஒரு கொடுமை’ என்று சிப்பாய்கள் விரித்துச் சொன்னார்கள். பெரிய நட்சத்திரங்களும் இருந்தார்கள், ஊரில் மேடை கிடைக்காதவர்களும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தால் அப்படித்தான் இருக்கும். மோசமான நிகழ்ச்சியும் ஒரு விதத்தில் உதவியது என்று தோன்றுகிறது: ஒரு வாரத்துக்கு எல்லோரும் சேர்ந்து கிண்டல் பண்ண விஷயம் கிடைத்ததே.

சிப்பாய்களின் சொந்தக் கிண்டலுக்கு ஈடு எதுவும் இல்லை. முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரியில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகர இடிபாடுகளில் ஒரு அச்சு இயந்திரத்தைக் கண்டெடுத்த கேப்டன் ஃப்ரெட் ராபர்ட்ஸும் கூட்டாளிகளும் பதுங்குகுழிப் பத்திரிகை ஒன்று தொடங்கினார்கள். சோம் போர் நடந்த மாதங்களில் அதில் வந்த ஒரு போலி விளம்பரம், எல்லாம் நல்லபடி முடியும் என்ற எண்ணம் உங்களைத் தொற்றியிருக்கிறதா, எங்களிடம் வாருங்கள், சில நாளில் குணமாக்குகிறோம் என்றது. எந்த மந்திரிசபையும் இப்படி எழுதச் சொல்லியிருக்காது. ஆனால் படித்துச் சிரித்தவன் மறுநாளும் அதே குழியில்தான் நின்றான்.

தொழிற்சாலைகளில் பாட்டுப் போட்டது ஏன்?

உற்பத்திக்காகத்தான், அதை யாரும் மறைக்கவில்லை. 1940 ஜூன் 23 அன்று பிபிசி ஒரு இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது, தினம் இரண்டு வேளை, அரை மணி நேரம். கை தளரும் நேரமாகப் பார்த்து, முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று. பின்னால் இரவு ஷிப்டுக்கும் வந்தது.

அதில் இருந்த கணக்கைப் பாருங்கள். இயந்திர இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்பதால் ஒலி ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும். மெதுவான பாட்டு தூக்கம் வரவழைக்கும், வேண்டாம். தெரிந்த மெட்டாக இருந்தால் நல்லது, வாய் முணுமுணுக்கும், கை ஓடும். டெக்சாஸ் மாநிலத்தைப் பற்றிய ஒரு அமெரிக்கப் பாட்டுக்கு மட்டும் தடை. அதன் நடுவே நாலு தட்டு கைதட்ட வேண்டிய இடம் வரும். தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுக் கையில் இருந்த கருவியால் எதிரே இருந்ததைத் தட்டினார்கள்.

புத்தகங்கள்?

அமெரிக்கா இதில் செய்தது பெரிய காரியம். 1943 முதல் 1947 வரை 1,322 தலைப்புகள், 12 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள், சிப்பாய்க்கு இலவசம். பத்திரிகை அச்சிடும் இயந்திரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புத்தகங்களைச் சேர்த்து அச்சடித்து, நடுவே குறுக்கே வெட்டினார்கள். அதனால் புத்தகம் உயரம் குறைந்து அகலமாக இருக்கும், சீருடைப் பையில் அடங்கும். துப்பறியும் கதை, கௌபாய் கதை, கவிதை, இலக்கியம் எல்லாம் கலந்து போனது. 1925-இல் வந்து மறந்துபோயிருந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலுக்கு இதில் ஒன்றரை லட்சம் பிரதிகள் கிடைத்தன. அதன் மறுவாழ்வுக்கு அது ஒரு முக்கியக் காரணம். 1944-இல் சிப்பாய்களின் வாக்குரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு அரசியல் வாடை உள்ள புத்தகங்களைத் தடுக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பி, அதே ஆண்டு தளர்த்தினார்கள்.

முற்றுகையில் பட்டினி கிடந்த ஊரில் கச்சேரி நடந்தது என்கிறார்களே, மெய்தானா?

மெய்தான். லெனின்கிராட், 1942 ஆகஸ்ட் 9. சோவியத் இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்ஃபனி.

அந்த சோவியத் நகரம் 1941 செப்டம்பரிலிருந்து ஜெர்மன் முற்றுகையில் இருந்தது. முதல் குளிர்காலத்தில் மட்டும் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் மடிந்தார்கள். வானொலியில் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் ஒரு தாளக்கருவியின் டிக் டிக் ஒலியை விட்டுவைப்பார்கள்: வேகமாக ஒலித்தால் தாக்குதல் வருகிறது, மெதுவாக ஒலித்தால் அபாயம் இல்லை. ஊர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

வானொலி இசைக்குழுவில் வாசிக்கும் நிலையில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 15 பேர். இந்த சிம்ஃபனிக்கோ பெரும் குழு வேண்டும். ராணுவப் பிரிவுகளில் வாத்தியம் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். இசைக் குறிப்புகள் விமானத்தில் வந்தன. ஊதுகருவிக்காரர்களுக்கு ஊத மூச்சில்லை, முதல் ஒத்திகை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க்கே நடக்க முடியாத நிலையில் இருந்தவர். கூடுதல் ரேஷன் கொடுத்து மாதக்கணக்கில் தயார் செய்தார்கள். அன்றைக்கு ஜெர்மன் பீரங்கிகள் குறுக்கிடாமல் இருக்க சோவியத் பீரங்கிப்படை முன்கூட்டியே அவற்றின் மேல் குண்டு பொழிந்தது. கச்சேரியை ஒலிபெருக்கியில் எதிரிக்கும் கேட்கும்படி ஒலிபரப்பினார்கள்.

இதில் பிரச்சாரம் இல்லையா என்றால், நிறையவே இருந்தது. வாசித்தவர்களின் பசியும் மெய், உழைப்பும் மெய். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எதிரி நாட்டு இசையையும் வானொலியையும் என்ன செய்தார்கள்?

ஜெர்மனியில் வெளிநாட்டு வானொலி கேட்பதே 1939 செப்டம்பரிலிருந்து குற்றம். ஜப்பான் 1943 ஜனவரியில் அமெரிக்க, பிரிட்டிஷ் பாட்டுகளுக்குப் பட்டியல் போட்டுத் தடை விதித்தது. லண்டனில் நேர்மாறு. நேஷனல் கேலரி தன் ஓவியங்களைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு வெறும் சுவரோடு நின்றபோது, பியானோ கலைஞர் மைரா ஹெஸ் அங்கே மதிய உணவு நேரக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1939 அக்டோபர் முதல் 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள், நுழைவு ஒரு ஷில்லிங். பீத்தோவனையும் பாக்கையும் தாராளமாக வாசித்தார்கள். ஜெர்மானிய இசையாயிற்றே என்று யாரும் தடுக்கவில்லை.

எதிரியின் பிரச்சார வானொலியை மக்கள் கேட்டதற்குப் பாதிக் காரணம் சொந்த வானொலியின் அலுப்பு. ஜெர்மன் வானொலியில் பேசி ‘லார்ட் ஹா-ஹா’ என்று பெயர் பெற்ற வில்லியம் ஜாய்ஸை 1939-40இல் பிரிட்டிஷ்காரர்கள் வேடிக்கையாகவே கேட்டார்கள். போருக்குப் பின் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஜப்பானிய வானொலியில் ‘டோக்கியோ ரோஸ்’ என்ற பெயரில் எந்த அறிவிப்பாளரும் இருந்ததில்லை. அது சிப்பாய்கள் பொதுவாக வைத்த பெயர். ஆனால் அந்தப் பழி ஐவா தொகூரி என்ற அமெரிக்கப் பெண் மேல் விழுந்து, 1949-இல் தேசத்துரோகத் தண்டனை கிடைத்தது. 1977-இல் அதிபர் ஃபோர்ட் மன்னிப்பு வழங்கினார்.

போர்க்கைதி முகாம்களில்?

நேரம் மட்டும் அளவில்லாமல் கிடைத்த இடம் அது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் ஜெர்மனியின் கெர்லிட்ஸ் முகாமில் கைதியாக இருந்தபடியே நால்வர் இசை ஒன்றை எழுதி, 1941 ஜனவரி 15 அன்று சக கைதிகளுக்கு முன் அரங்கேற்றினார். கையில் இருந்த வயலின், கிளாரினெட், செல்லோ, பியானோ நான்குக்குமாக எழுதியது. கேட்டவர்கள் 5,000 பேர், செல்லோவுக்கு மூன்றே தந்தி என்று அவர் பின்னாளில் சொல்லிவந்தார். செல்லோ வாசித்த பஸ்கியே, நாலு தந்தியும் இருந்தன என்று மறுத்தார். கூட்டமும் சில நூறுதான்.

ஜெர்மானியர் நடத்திய ஷ்டாலாக் லுஃப்ட் மூன்று முகாமில் கைதிகளே ஒரு நாடக அரங்கு கட்டினார்கள். பின்னர் தப்பிக்கும் சுரங்கம் ஒன்றை அதன் இருக்கைக்கு அடியிலிருந்துதான் தோண்டினார்கள். பிரிட்டனிலிருந்து விளையாட்டுப் பெட்டிகளுக்குள் தப்பிக்க உதவும் வரைபடங்களை ஒளித்தும் கைதிகளுக்கு அனுப்பினார்கள், இல்லாத தர்ம ஸ்தாபனங்களின் பெயரில். செஞ்சிலுவைச் சங்க உணவுப் பொட்டலங்களில் மட்டும் கை வைக்கவில்லை. பிடிபட்டால் எல்லோருக்கும் சாப்பாடு போய்விடும்.

பொழுதுபோக்கைத் தீமைக்கும் பயன்படுத்தினார்களா?

செக் நாட்டில் நாஜிகள் நடத்திய தெரேசியன்ஷ்டாட் முகாமில் யூதக் குழந்தைகள் ஹான்ஸ் கிராசாவின் சிறுவர் இசை நாடகத்தை 55 முறை மேடையேற்றினார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைக் குழு பார்வையிட வந்தபோது, முகாமுக்கு வெள்ளையடித்து, நெரிசல் தெரியாமல் இருக்க ஆயிரக்கணக்கானவர்களை முன்பே ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றிவிட்டு, இந்த நாடகத்தையும் காட்டினார்கள். பிறகு ஒரு பிரச்சாரப் படமும் எடுத்தார்கள். படம் முடிந்ததும் அதை இயக்கிய கைதி கர்ட் கெரோன், கிராசா, நடித்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் எல்லோரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். குழந்தைகளுக்கு அந்தப் பாட்டு நிஜமான ஆறுதலாக இருந்தது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். கொலைகாரர்களுக்கு அது திரைச்சீலை.

எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒரே மாதிரி கிடைத்ததா?

கிடைக்கவில்லை. அமெரிக்கப் படையில் கறுப்பர்கள் தனிப் பிரிவு, அவர்களுக்குக் கலைக்குழுவும் தனி. பாடகி லீனா ஹார்ன் ஒரு முகாமில் பாட வந்தபோது, ஜெர்மன் கைதிகள் முன் வரிசையிலும் கறுப்பினச் சிப்பாய்கள் அவர்களுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மேடையை விட்டு இறங்கிப் பின்வரிசைக்கு நடந்துபோய், கைதிகளுக்கு முதுகைக் காட்டியபடி பாடினார். ஹாலிவுட்டில் பெட்டி டேவிஸும் ஜான் கார்ஃபீல்டும் 1942 அக்டோபரில் திறந்த சிப்பாய் விடுதியில் இந்தப் பிரிவினை இல்லை. சீருடைதான் டிக்கெட், தட்டுக் கழுவுவது நட்சத்திரங்கள்.

இதெல்லாம் போரில் வெல்ல உதவியதா?

பாட்டுக் கேட்டு யாரும் தைரியமாகச் சண்டை போட்டதாகச் சொல்ல முடியாது. சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டவுஃபர் குழு லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்களிடம் கேட்டு 1949-இல் வெளியிட்ட ஆய்வும், ஜெர்மன் படையைப் பற்றி ஷில்ஸும் ஜனோவிட்ஸும் 1948-இல் எழுதியதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன: சிப்பாயைத் தாங்குவது பக்கத்தில் நிற்கும் தோழன். கொள்கை முழக்கத்துக்கு அதற்குப் பின்னால்தான் இடம்.

ஆனால் போர் என்பது பெரும்பாலும் காத்திருப்பது. முகாமில், கப்பலில், மழையில், வாரக்கணக்கில். அந்தச் சலிப்பில்தான் மனிதன் உள்ளுக்குள் உதிர ஆரம்பிக்கிறான். பாட்டும் புத்தகமும் கைகொடுத்தது அங்கே. அதிலும் அவனே தேர்ந்தெடுக்க முடிந்தவை நன்றாக வேலை செய்தன, மேலிருந்து ஊட்டியவை சொதப்பின. வீட்டுக் கடிதம் எப்போதும் இதையெல்லாம் விட ஒரு படி மேல்.

கலைஞர்கள் யாரும் இறந்தார்களா?

பலர். அதிகம் பேசப்படுபவர் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லர். தன் ராணுவ இசைக்குழு பாரிஸுக்கு வருமுன் ஏற்பாடுகளைக் கவனிக்க 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து சிறு விமானத்தில் கிளம்பினார். விமானம் போய்ச் சேரவில்லை.

இப்போதைய போர்களிலும் இது உண்டா?

உண்டு. 1993 ஆகஸ்டில் முற்றுகையில் இருந்த பாஸ்னியாவின் சரயேவோவில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் இயக்கினார். 1995-இல், முற்றுகை முடியுமுன்பே, அங்கே திரைப்பட விழா தொடங்கியது; இன்றும் நடக்கிறது. 2022 மார்ச்சில் உக்ரைனின் கார்கிவ் நகரம் தன் இசை விழாவை மெட்ரோ நிலையத்தில் தொடங்கியது, மக்கள் தங்கியிருந்த அதே நடைமேடையில். உக்ரைன் நாடக அரங்குகளில் இப்போது நிலவறையில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை டிக்கெட்தான் விற்கிறார்கள். சைரன் ஒலித்தால் நடிகர்களும் பார்வையாளர்களும் சேர்ந்தே கீழே இறங்குகிறார்கள். சீக்கிரம் அடங்கினால் விட்ட காட்சியிலிருந்து தொடர்வார்கள். அடங்காவிட்டால் இன்னொரு நாள்.